முதல் சைக்கிள்: சைடு வீலா, பேலன்ஸ் பைக்கா, பெடலைக் கழற்றிவிடுவதா?

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு எத்தனை வயசு?" நாலு என்றால் 14 இஞ்ச், அஞ்சு என்றால் 16 இஞ்ச் என்று மேலே கொக்கியில் தொங்குவதில் ஒன்றை இறக்கி வைப்பார்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சைடு வீல், முன்னால் கூடை, பின்னால் கேரியர், ஹேண்டில்பாரில் பீப்பி ஹாரன். பிள்ளை ஏறி உட்கார்ந்து ஹாரனை நாலு தடவை அமுக்கும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு மாடல் கேட்க எந்த அப்பாவுக்கும் மனசு வராது. பில் போட்டாகிவிடும்.

அந்த ஹாரன் சத்தத்துக்கு முன்னாலேயே, வீட்டில் வைத்து முடிவு செய்ய வேண்டிய சமாசாரம் இது. எங்களுக்கு அதில் ஒரு வசதி கிடைத்தது. திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்தரை வயது, மகனுக்கு மூன்று. நாத்தனார் பையன் ஓட்டி முடித்த சைடு வீல் சைக்கிள் எங்களிடம் வந்து சேர்ந்தது. அலுவலகத் தோழி ஒருத்தி, தன் மகள் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த, பெடல் இல்லாத பேலன்ஸ் பைக்கை இரவல் தந்தாள். அப்புறம் மகளுக்கென்று புதிதாக ஒரு 16 இஞ்ச் வாங்கினோம். ஆக, கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரே சமயத்தில் மூன்று வகை வண்டிகள். மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வீட்டுப் பிள்ளைகள் இருவரும், லீவுக்கு வரும் நாத்தனார் பையனும், பக்கத்து வீட்டு வாண்டுகளும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

வண்டிகளுக்குப் போவதற்கு முன் ஒன்று. சைக்கிள் ஓட்டுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: மிதிப்பது, விழாமல் இருப்பது. மிதிப்பது பெரிய வித்தையே இல்லை. மூன்று சக்கர வண்டி ஓட்டிய பிள்ளைக்கு அது முன்பே தெரியும். தெரியாத பிள்ளைக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிரமமெல்லாம் இரண்டாவதில்தான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை இடப்பக்கமே லேசாகத் திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். பயந்துபோய் எதிர்ப்பக்கம் திருப்பினால் விழ வேண்டியதுதான். இதை வாயால் சொல்லிக்கொடுத்துப் புண்ணியமில்லை. கைக்கும் இடுப்புக்கும் அது தானாகப் பழக வேண்டும். பழகுவதற்கு வண்டி சாய வேண்டும். எந்த வண்டி பிள்ளையைப் பத்திரமாகச் சாய விடுகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடைபோட்டேன்.

சைடு வீல் சைக்கிள்

சப்போர்ட் வீல் என்றும் சொல்வார்கள். நம் ஊர்க் கடைகளில் 12, 14, 16 இஞ்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் இது கூடவே வருகிறது. தனியாகக் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும்.

இதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறி உட்கார்ந்த நிமிஷமே பிள்ளை ஓட்டும். நம் பிள்ளை சுவரோரமாக நின்று பார்க்காமல், மாலையில் கீழே சுற்றும் கும்பலோடு சேர்ந்துவிடும். பிரேக் பிடிப்பது, கார் வந்தால் ஒதுங்குவது, தூணில் மோதாமல் வளைப்பது எல்லாம் பழகும். பின்னாலேயே ஓட வேண்டியதில்லை என்பதால் தாத்தா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு மேல் வேலையிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வண்டி சாயாது. வளைவில் திரும்பும்போது இரு சக்கர வண்டி உள்பக்கமாகச் சாய வேண்டும். சைடு வீல் அதைத் தடுத்துவிடுவதால், பிள்ளையின் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். வேகமாக வந்து சட்டென்று திருப்பினால் வெளிப்பக்கத்துச் சைடு வீலின் மேலேயே முழுப் பாரமும் விழுந்து வண்டி கவிழும். சைடு வீல் இருக்கும்போது விழவே விழாது என்று நினைக்க வேண்டாம். நாத்தனார் பையன் விழுந்ததெல்லாம் சைடு வீல் இருந்த காலத்தில்தான்.

இன்னொரு தொல்லை தரையைப் பொறுத்தது. எங்கள் கார் நிறுத்தத்தின் நடுவே மழைத் தண்ணீர் வடிய ஒரு பள்ளம் ஓடுகிறது, மேலே இரும்புக் கம்பி வலை. சைடு வீல்கள் இரண்டும் பள்ளத்தின் கரையில் நிற்க, பின்சக்கரம் மட்டும் நடுவில் அந்தரத்தில் தொங்கும். மகள் மிதிமிதி என்று மிதிப்பாள். சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. பின்பிரேக் பிடித்தாலும் அப்போது பலன் இருக்காது, சக்கரம் தரையைத் தொட்டால்தானே. சமதளத்தில் ஓட்டும் பிள்ளைக்கு இந்தப் பிரச்சினை தெரியாது. நம் தெருக்களில் சமதளம் எங்கே இருக்கிறது?

"கொஞ்சம் கொஞ்சமா சைடு வீலைத் தூக்கிவிடுங்க, தானா பழகிடும்" என்று ஒரு யோசனை எல்லாரிடமும் உண்டு. செய்து பார்த்தோம். பிள்ளை நடுவில் நிமிர்ந்து ஓட்டாது. ஏதாவது ஒரு பக்கத்துச் சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கோணலாகவே ஊரைச் சுற்றிவரும். அந்தப் பக்கத்துக் கம்பி நாளடைவில் வளையும். கடைசியில் கழற்றும்போது அந்தக் கோணல் உட்காரலையும் மறக்கடிக்க வேண்டியிருக்கும்.

பேலன்ஸ் பைக்

பெடல் கிடையாது, செயின் கிடையாது. இரண்டு சக்கரம், ஒரு சீட்டு, ஒரு ஹேண்டில்பார், அவ்வளவுதான். பிள்ளை இரண்டு காலாலும் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போகும். முதலில் சீட்டில் பட்டும் படாமலும் நடக்கும். அப்புறம் உட்கார்ந்து நடக்கும். அப்புறம் ஓடும். ஒரு நாள் ஓடிய வேகத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சறுக்கிக்கொண்டே போகும். பேலன்ஸ் கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இது இப்போது வந்த நவீனச் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். சைக்கிளே இப்படித்தான் பிறந்தது. 1817-இல் ஜெர்மனியின் மான்ஹெய்ம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய மரவண்டிக்குப் பெடல் கிடையாது, காலால்தான் உந்த வேண்டும். முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் பாரிஸில் வந்தது 1860-களில்தான். பெடல் வருவதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் முன்பே பெரியவர்கள் பேலன்ஸ் பைக் ஓட்டியிருக்கிறார்கள்.

எடைதான் இதன் பெரிய பலம். மூன்றிலிருந்து ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். சின்னவன் தானே தூக்கி நிறுத்துகிறான், கீழே போட்டால் தானே எடுக்கிறான், படியில் ஒரு படி இறக்குகிறான். விழுந்தாலும் வண்டி மேலே விழுந்து அமுக்குவதில்லை. இரண்டு கால்களும் எப்போதும் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் விழுவதே குறைவு. இரண்டரை வயதிலிருந்து நாலு வயது வரைக்கும் இதற்கு ஈடாக இன்னொன்று கிடையாது என்பது என் கட்சி.

குறை இல்லாமலா? பல மாடல்களில் பிரேக்கே இருக்காது. கால்தான் பிரேக். கார் நிறுத்தத்திலிருந்து வெளியே இறங்கும் சரிவில் அந்தக் கால் பிரேக் எடுபடாது. சரிவுப் பக்கமே விடக்கூடாது. செருப்பு போட்டு ஓட்டினால் முன்பக்கம் தேய்ந்து விரல் வெளியே தெரியும், ஷூ கட்டாயம். பல வண்டிகளில் டியூப் இல்லாத ஃபோம் டயர் போட்டிருப்பார்கள். பஞ்சர் ஆகாது, காற்று அடிக்க வேண்டியதில்லை, எடையும் குறைவு. ஆனால் டைல்ஸ் தரையில் தண்ணீர் பட்டிருந்தால் வழுக்கும். காற்றடிக்கும் டயர் கொஞ்சம் விலை கூடினாலும் பிடிமானம் நன்றாக இருக்கும்.

காசு விஷயமும் இருக்கிறது. சாதாரணமாக இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரம் வரை போகிறது; வெளிநாட்டுப் பிராண்டுகளுக்கு அதற்கும் மேலே. ஓட்டுவது ஒன்றரை, இரண்டு வருஷம்தான். "பெடல் இல்லாத வண்டிக்கு இவ்வளவா?" என்று மாமனார் கேட்டது நியாயமான கேள்வி. வாட்ச்மேன் அண்ணன் முதல் நாள் பார்த்துவிட்டு, "பெடல் உடைஞ்சுபோச்சா பாப்பா, கடையில போட்டுத் தருவாங்க" என்றார். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் இருந்தாலோ, இரவலோ பழசோ கிடைத்தாலோ வாங்கலாம். ஒரே பிள்ளை, அதுவும் நாலு வயது தாண்டியாகிவிட்டது என்றால் இதில் காசு போட வேண்டாம்.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேலன்ஸ் பைக், மூன்று சக்கர வண்டி வாங்கும்போது அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்து முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

குரங்குப் பெடல் சொல்லும் சேதி

"நாங்கள்லாம் எந்தப் பேலன்ஸ் பைக் வாங்கிக் கத்துக்கிட்டோம்?" என்று கேட்காத பெரியவர் கிடையாது. கேட்பவரிடமே எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். எங்கள் அப்பா சொன்னது இது. வாடகைக் கடையில் அரை சைக்கிளோ முக்கால் சைக்கிளோ மணிக்கணக்கில் எடுப்பார்களாம். அது கிடைக்காதவன் வீட்டிலிருக்கும் பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான். முதலில் வெறுமனே தள்ளிக்கொண்டே நடப்பது. அப்புறம் இடது காலை இடது பெடலில் ஊன்றி, வலது காலால் தரையைத் தட்டித் தட்டி வண்டியை ஓடவிடுவது. வண்டி ஓடும்போது இரண்டு காலும் மேலே. அது கைவந்த பிறகு பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து அரை அரையாக மிதிக்கும் குரங்குப் பெடல். அப்புறம் பார் மேல் ஏறி, கடைசியாகத்தான் சீட்டு.

அந்த வரிசையைக் கவனியுங்கள். தள்ளுவது, தட்டி ஓடவிடுவது, பிறகுதான் மிதிப்பது. பேலன்ஸ் முதலில், பெடல் அப்புறம். பேலன்ஸ் பைக் செய்வதும் அதையேதான். இதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் நடுவில் வந்து சேர்ந்தது சைடு வீல். சின்னப் பிள்ளைகளுக்கென்றே பிஎஸ்ஏ சாம்ப் மாதிரி குட்டி சைக்கிள்கள் கடைக்கு வந்து, மிதிப்பது முதலில் என்று வரிசை தலைகீழானது. இதை என் அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நாங்க பண்ணதுதான் சரி" என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பெடலைக் கழற்றிவிட்ட 16 இஞ்ச்

நாலு வயது தாண்டிய பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான். காலுக்குச் சரியான அளவில் ஒரு சாதாரண சைக்கிள் வாங்குங்கள். கடையிலேயே சைடு வீலைக் கழற்றி ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். இரண்டு பெடலையும் கழற்றிக் கவரில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டைக் கடைசி வரை இறக்கச் சொல்லுங்கள். பேலன்ஸ் பைக் தயார். பேலன்ஸ் வந்ததும் பெடலை மாட்டினால் அதுவே சைக்கிள். தனியாக ஒரு ரூபாய் செலவில்லை.

கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். எங்களிடம், "அப்புறம் விழுந்துட்டா எங்களைச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார். வீட்டிலேயே கழற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பல சைக்கிள்களுக்கு 15-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர்மரை. மற்ற நட்டுகளைப் போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். குழப்பமே வேண்டாமென்றால் இப்படி: ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிமிர்ந்து நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்சக்கரத்துப் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும். திரும்ப மாட்டும்போது எல், ஆர் என்று பெடல் முனையில் பொறித்திருப்பதைப் பார்த்து மாட்ட வேண்டும். மாற்றி மாட்டி முறுக்கினால் மரை தேய்ந்து, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கையே மாற்றும்படி ஆகிவிடும்.

சைடு வீல் பெரும்பாலும் பின்சக்கரத்தின் அச்சு நட்டிலேயே பிணைத்திருக்கும். கழற்றும்போது அந்த நட்டும் தளரும். திரும்ப முறுக்கும்போது சக்கரம் நடுவில் நிற்கிறதா, செயின் தொய்யவில்லையா, பிரேக் உரசவில்லையா என்று பார்த்துவிட வேண்டும். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் தெரிந்துவிடும்.

இந்த வழியில் எடைதான் குறை. கூடை, கேரியர், மட்கார்டு எல்லாம் போட்ட நம்மூர் 16 இஞ்ச் இரும்பு சைக்கிள் பத்து கிலோவைத் தொடும். ஐந்து வயதுப் பிள்ளையின் எடை சுமார் 18 கிலோ. தன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் வண்டியைத்தான் அது சமாளிக்கிறது. எழுபது கிலோ ஆளுக்கு முப்பத்தொன்பது கிலோ சைக்கிளைக் கொடுத்தால் என்ன சொல்வார்? அதனால் கூடையையும் கேரியரையும் கழற்றினோம். மகள் கூடைக்காக அழுதாள். பெடல் மாட்டும் அன்றைக்குக் கூடையும் வரும் என்று பேசி முடித்தோம். கூடைக்கு இருந்த மரியாதை பெடலுக்கு இல்லை.

பெடல் போனாலும் கிராங்குத் தண்டு இரண்டும் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். உந்தி நடக்கும்போது கெண்டைக்காலில் இடிக்கும். முழுக்கால் பேன்ட் போட்டுவிட்டால் சிராய்ப்பு குறையும். சரியான பேலன்ஸ் பைக்கில் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலை அகட்டி வைத்து நடக்க வேண்டியிருப்பதால் மூன்று வயதுப் பிள்ளைக்கு இது சரிவராது. சின்னவனை இதில் ஏற்றியதும் ஒரே நிமிஷத்தில் இறங்கிப் போய் தன் குட்டி வண்டியை எடுத்துக்கொண்டான்.

பெடலைத் திரும்ப மாட்டும் நாளில் பெரியவர்கள் எல்லாரும் செய்யும் ஒன்று, சீட்டையும் ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு ஓடுவது. வண்டியை நாம் நிமிர்த்திப் பிடித்தால் பிள்ளைக்கு அது சாய்வதே தெரியாது, சைடு வீல் செய்ததையே நம் கை செய்யும். வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடியுங்கள். ஒரு நீளமான துண்டையோ துப்பட்டாவையோ அக்குளுக்கு அடியில் மார்பைச் சுற்றி, இரண்டு முனையையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டால் போதும். வண்டி அதன் பாட்டுக்கு ஆடும், பிள்ளை திருப்பிச் சமாளிக்கும், விழப்போனால் துண்டு தாங்கும். நமக்கும் இடுப்பு வலிக்காது. கிளம்பும்போது ஒரு பெடல் மேலே கொஞ்சம் முன்தள்ளி இருக்கட்டும். அதை ஒரே அழுத்தாக அழுத்தினால் வண்டிக்கு முதல் வேகம் கிடைத்துவிடும். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, தூரத்தில் நிற்கும் ஆளிடம் இருக்க வேண்டும். அதற்குத் தம்பியை எதிரே நிறுத்திவைத்தோம். அவன் பாதியிலேயே ஓடிவந்து குறுக்கே நின்றதால் பிரேக் பாடமும் அன்றைக்கே முடிந்தது.

வளர்ந்து ஓட்டிக்கட்டுமே?

யூனிஃபார்ம் வாங்குகிற கணக்கில் சைக்கிளையும் இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் சகஜம். ஐந்து வயதுக்கு 20 இஞ்ச், "பத்து வயசு வரைக்கும் ஓட்டுவா" என்று. காசு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கால் தரையில் எட்டாத வண்டியில் பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டால், அந்தச் சைக்கிள் மொட்டை மாடியில் துணி காயப்போடத்தான் உதவும்.

இதற்கும் ஒரு பழைய உதாரணம் காட்டுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பெருமையான கதைதான். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், குடமும் விறகும் சுமந்த உடம்பு, தரையில் ஊன்ற நீளமான கால். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அளவை வயதை வைத்து எடுக்காமல் காலை வைத்து எடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை இரண்டு கால்களுக்கு நடுவே மேலே வரை தூக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் காலின் உள்ளளவு. மகளுக்கு 49 சென்டிமீட்டர் வந்தது. கடைக்கு டேப்பைக் கொண்டுபோய், சீட்டு கடைசி வரை இறங்கிய நிலையில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். அந்த உயரம் உள்ளளவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். ஒரே 16 இஞ்சில் இரண்டு கம்பெனி வண்டிகளுக்குச் சீட்டு உயரம் வேறு வேறாக இருந்தது. இஞ்ச் என்பது சக்கரத்தின் அளவு, பிள்ளையின் அளவு இல்லை.

பிரேக்கையும் பிள்ளையின் கையாலேயே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் அமுக்கிப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சின்ன விரல் எட்டவில்லை என்றால், பல பிரேக் கைகளில் இருக்கும் குட்டித் திருகை முறுக்கிப் பக்கத்தில் கொண்டுவரலாம். எந்தக் கை எந்தச் சக்கரத்துக்கு என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புற விழ வாய்ப்புண்டு.

ஆன்லைனா கடையா என்று கேட்டால், முதல் சைக்கிளுக்குக் கடைதான். ஆன்லைனில் விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் பாதி மாட்டியபடி பெட்டியில் வரும். ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், பிரேக் எல்லாம் நாம்தான் மாட்ட வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒருவர், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும், முன்பிரேக் முன்பக்கம் தெரிய வேண்டும். அவருடைய பையன் அதிலேயே ரொம்ப நாள் ஓட்டினான், காலில் சக்கரம் இடிக்கிறதென்று சொல்லிக்கொண்டே. பேரம் பேசும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலை அட்டையைக் காட்டினால் கேட்கலாம்.

பழைய சைக்கிளுக்கு நான் எப்போதும் சரி என்பேன். பிள்ளைகள் சைக்கிளைத் தேய்ப்பதற்குள் வளர்ந்துவிடுகிறார்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கி, தெருமுனைக் கடையில் ஓவராயிலிங் செய்து, டயர் டியூப் மாற்றி, பிரேக் கட்டை புதிதாகப் போட்டால் புதுசுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு, கல் மாதிரி இறுகிப்போன பிரேக் கட்டை, துருப்பிடித்து இறங்க மறுக்கும் சீட்டுக் கம்பி, இந்த மூன்றையும் பாருங்கள். சீட்டு இறங்காவிட்டால் வாங்க வேண்டாம். ஃபிரேமில் வெல்டிங் போட்ட தழும்பு இருந்தாலும் வேண்டாம்.

தள்ளுகோல் வைத்த மூன்று சக்கர வண்டி இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக நல்ல வண்டி. அது சைக்கிள் கற்றுத்தராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். பேட்டரி கார் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறது, சார்ஜ் போடுவது நாம்.

எங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கீழே சரிவும் கார்களும் மட்டும் இருக்கும் வீட்டில், பிரேக் இல்லாத பேலன்ஸ் பைக்கைவிடப் பிரேக் உள்ள சைக்கிள் மேல். உடம்பு தளர்ந்த, அசைவில் சிரமமுள்ள பிள்ளைக்குச் சைடு வீலோ பெரிய மூன்று சக்கர சைக்கிளோ வருஷக்கணக்கில் தேவைப்படலாம், அதில் தாழ்வு ஒன்றுமில்லை. இயன்முறை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. விழுவதற்கு ரொம்பப் பயப்படும் பிள்ளைக்கும் சைடு வீலை ஒரு பருவத்துக்கு வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு நாள் பெடலோடு சேர்த்தே கழற்றிவிடலாம். சைடு வீலோடு ஒரு வருஷம் ஓட்டிய நாத்தனார் பையனுக்கு அப்படித்தான் செய்தோம். பெடல் இல்லாமல் உந்திக்கொண்டு போவதை முதலில் கேவலமாக நினைத்தான். "இது ரேஸ் வண்டி, பெரிய ஆளுங்க காலாலேயே தள்ளுவாங்க" என்று அவன் மாமா ஒரு பொய் சொல்லிச் சரிக்கட்டினார்.

ஹெல்மெட் எல்லா வண்டிக்கும் பொது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். பின்னால் சாய்த்து, தொப்பி மாதிரி போட்டால் நெற்றி வெளியே தெரியும், போட்டும் புண்ணியமில்லை. பாவாடை, துப்பட்டா, அவிழ்ந்த ஷூ நாடா எதுவும் செயின் பக்கம் போகாதபடி செயின் கவர் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

சின்னவன் இப்போது பேலன்ஸ் பைக்கில் காலைத் தூக்கிக்கொண்டு அந்த வடிகால் பள்ளத்தை ஒரே ஓட்டத்தில் தாண்டுகிறான். அவனுக்கு உள்ளளவு வந்ததும் அக்காவின் 16 இஞ்ச் கைமாறும், அவளுக்கு 20 வரும், இரவல் வண்டி தோழி வீட்டுக்குத் திரும்பும். அக்காவின் சைக்கிள் ரோஸ் நிறம் என்பதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபமெல்லாம் தாத்தாவுக்குத்தான். கடையில் பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.